பெயர் இல்லாமல் வாழ்ந்த ராக்கெட் மேதை

1965-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி.

பூமியைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த ஒரு விண்வெளிக் கப்பலில் இருந்து மனிதன் ஒருவன் வெளியே வந்தான். கீழே பூமி உருண்டை. சுற்றிலும் கரிய வானம். கால் ஊன்றத் தரை இல்லை. மூச்சு விடக் காற்று இல்லை. இடுப்பில் கட்டிய ஒரு கயிறுதான் துணை.

அந்த வீரரின் பெயர் அலெக்சி லியோனவ். ரஷிய நாட்டவர். சுமார் 12 நிமிடம் அவர் விண்வெளியில் மிதந்தார். உலகத்தில் அதுவரை யாருமே செய்யாத சாதனை அது. மறுநாள் எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் அவர் படம் வெளிவந்தது.

ஆனால் அந்தக் கப்பலைக் கட்டியவர் யார்? அதை உயரே தூக்கிச் சென்ற ராக்கெட்டைச் செய்தவர் யார்?

பத்திரிகைகள் அதைச் சொல்லவில்லை. ரஷிய ரேடியோவும் சொல்லவில்லை. தலைமை வடிவமைப்பாளர் என்று மட்டுமே சொன்னார்கள். அவர் பெயர் ராணுவ ரகசியம்!

அந்தப் பெயரற்ற மனிதர்தான் செர்கெய் கொரலியோவ். முதல் செயற்கைச் சந்திரனைச் செய்தவர். முதல் மனிதனை விண்வெளிக்கு அனுப்பியவர். அவருடைய வாழ்க்கை, கதையைவிட அதிசயமானது.

தாத்தாவின் தோளில்

கொரலியோவ் 1907-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி உக்ரைன் நாட்டில் உள்ள ஜிட்டோமிர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மாவின் பெயர் மரியா.

குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா இறந்துபோய்விட்டார் என்றே சிறுவனிடம் சொல்லி வளர்த்தார்கள். அம்மா மேற்படிப்புக்காக வெளியூர் போய்விட்டார். சிறுவன் நெஜின் என்ற ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான். விளையாடக் கூட்டாளிகள் இல்லை. தனிமைதான் துணை.

1911-ம் ஆண்டு அந்த ஊருக்கு ஒரு ஆகாய விமானம் வந்தது. உட்டோச்கின் என்ற புகழ்பெற்ற விமானி அதை ஓட்டிக் காட்டினார். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. நான்கு வயதுச் சிறுவன் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தான். மரச்சட்டமும் துணியும் சேர்ந்த ஒரு பொருள் தரையை விட்டு எழும்பியது. அதைப் பார்த்த கண்கள் அதன் பிறகு வானத்தை மறக்கவே இல்லை.

அம்மா மறுமணம் செய்துகொண்டார். குடும்பம் ஒதேசா துறைமுகத்துக்குப் போயிற்று. அங்கே கடற்படையின் விமானங்கள் தண்ணீரில் இறங்கும். தண்ணீரில் இருந்தே எழும்பும். கொரலியோவ் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். சிறு சிறு வேலைகள் செய்து கொடுத்தார். பள்ளியில் அவர் கற்றது தச்சு வேலையும் கூரை ஓடு வேயும் வேலையும். ஆனால் 17-வது வயதில் என்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடர் ஒன்றுக்குத் தாமே வரைபடம் போட்டார்!

பிறகு கீவ் நகரில் படித்தார். அங்கிருந்து மாஸ்கோ போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் டுப்போலெவ். ரஷியாவின் மிகப்பெரிய விமான நிபுணர். 1929-ம் ஆண்டு கொரலியோவ் என்ஜினீயர் ஆனார்.

நிலவறையில் ஒரு பட்டறை

ராக்கெட் எப்படிப் பறக்கிறது?

ஒரு பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் கையை விடுங்கள். காற்று பின்பக்கமாகப் பீறிடும். பலூன் முன்பக்கமாகப் பாயும். ராக்கெட்டும் அப்படித்தான். உள்ளே எரிபொருள் எரிகிறது. சூடான வாயு கீழே பீறிடுகிறது. ராக்கெட் மேலே பாய்கிறது.

விமானம் பறக்கக் காற்று வேண்டும். விண்வெளியில் காற்று இல்லை. எரிபொருள் எரியப் பிராணவாயு வேண்டுமே! அதையும் ராக்கெட் தன்னோடு சுமந்துகொண்டு போகிறது. பிராணவாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி வரை குளிரவைத்தால் அது தண்ணீர்போல் ஆகிவிடும். அந்தத் திரவத்தைத் தொட்டியில் நிரப்புகிறார்கள்.

1931-ம் ஆண்டு மாஸ்கோவில் சில இளைஞர்கள் ஒரு ராக்கெட் குழுவைத் தொடங்கினார்கள். ஒரு கட்டிடத்தின் நிலவறைதான் அவர்களுடைய பட்டறை. பணம் கிடையாது. வசதியும் கிடையாது. அந்தக் குழுவில் ஒருவராகச் சேர்ந்த கொரலியோவ், சீக்கிரமே அதன் தலைவர் ஆனார்.

1933-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி அவர்களுடைய ராக்கெட் மாஸ்கோவுக்கு அருகே ஒரு காட்டில் இருந்து கிளம்பியது. சுமார் 400 மீட்டர் உயரம் போயிற்று. அவ்வளவுதான். ஆனாலும் அந்த இளைஞர்களுக்கு அது சந்திரனுக்கே போனதுபோல் இருந்தது.

இடையில் கொரலியோவுக்குத் திருமணம் ஆயிற்று. மனைவி செனியா ஒரு டாக்டர். 1935-ம் ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. நடாலியா என்று பெயர் வைத்தார்கள்.

வந்தது இடி!

அது ஸ்டாலின் ஆட்சிக் காலம். நாடு முழுவதும் கைதுகள் நடந்தன. காலையில் அலுவலகம் போனவர் மாலையில் வீடு திரும்புவார் என்ற நிச்சயம் இல்லை.

கொரலியோவ் வேலை செய்த ராக்கெட் நிலையத்தின் தலைவர் கைது செய்யப்பட்டார். அவருக்கு அடுத்தவரும் கைதானார். இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1938-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி கொரலியோவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது.

வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தார், அரசாங்கப் பணத்தை வீணாக்கினார் என்பது குற்றச்சாட்டு. ஒன்றுகூட உண்மை இல்லை. ஆனால் அடித்து உதைத்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த அடியில் அவருடைய தாடை எலும்பு உடைந்தது என்று சொல்கிறார்கள். இந்தத் தாடையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அது மறுபடியும் இந்தக் கதையில் வரப்போகிறது.

பத்து ஆண்டு கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. ரஷியாவின் கிழக்குக் கோடியில் கொலிமா என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. குளிர் எலும்பைத் துளைக்கும். வயிற்றுக்குப் போதிய சோறு கிடையாது. கைதிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கொரலியோவைச் சொறிகரப்பான் என்ற நோய் பிடித்தது. காய்கறி, பழம் கிடைக்காதவர்களுக்கு வரும் நோய் அது. ஈறுகள் வீங்கின. பற்கள் பல உதிர்ந்தன.

மாஸ்கோவில் அவருடைய அம்மா மரியா சும்மா இருக்கவில்லை. மனுமேல் மனு எழுதினார். ஸ்டாலினுக்கே எழுதினார். நாட்டின் புகழ்பெற்ற விமானிகளான குரோமவ், கிரிசதூபவா ஆகிய இருவரையும் பிடித்தார். அவர்களும் கொரலியோவுக்காகப் பரிந்து பேசினார்கள். வழக்கை மறுபடியும் விசாரிக்க உத்தரவு பிறந்தது. எலும்பும் தோலுமாக அவர் மாஸ்கோ சிறைக்குத் திரும்பி வந்தார்.

மகள் கேட்ட கேள்வி

1940-ம் ஆண்டு சிறையில் அவரைப் பார்க்கக் குடும்பத்தாருக்கு அனுமதி கிடைத்தது.

அப்பா ஒரு விமானி, வெகுதூரம் பறந்து போயிருக்கிறார் என்று குழந்தை நடாலியாவிடம் சொல்லியிருந்தார்கள். குழந்தை சிறையின் முற்றத்தைப் பார்த்தது. நான்கு பக்கமும் உயர்ந்த சுவர். இவ்வளவு சிறிய இடத்தில் அப்பா விமானத்தை எப்படி இறக்கினார் என்று கேட்டது.

அங்கே நின்ற காவலாளிதான் பதில் சொன்னான். இங்கே வந்து இறங்குவது சுலபம், இங்கிருந்து கிளம்பிப் பறப்பதுதான் கஷ்டம் என்றான் அவன்.

மறு விசாரணையில் தண்டனை எட்டு ஆண்டாகக் குறைந்தது. சுரங்கத்துக்குப் பதில், கைதிகள் வேலை செய்யும் ஒரு விமான நிலையத்தில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே போனால் ஆச்சரியம்! தலைமை நிபுணராக உட்கார்ந்திருந்தவர் பழைய குரு டுப்போலெவ். அவரும் கைதிதான்! குருவும் சீடனும் சிறைக்குள் இருந்தபடியே போர் விமானங்களுக்கு வரைபடம் போட்டார்கள்.

1944-ம் ஆண்டு ஜூலை மாதம்தான் கொரலியோவுக்கு விடுதலை கிடைத்தது. ஆறு ஆண்டுகள் போய்விட்டன. ஆனால் அவர்மீது போட்ட வழக்கு பொய் வழக்கு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1957-ம் ஆண்டில்தான்.

தோல்விமேல் தோல்வி

இரண்டாவது உலகப்போரில் ஜெர்மானியர்கள் லண்டன் நகரத்தின்மீது வி-2 என்ற ராக்கெட்டுகளை வீசினார்கள். போர் முடிந்ததும் அமெரிக்காவும் ரஷியாவும் அந்த ரகசியத்தைத் தேடி ஓடின. அதைச் செய்த வான் பிரவுனும் அவருடைய முக்கியமான ஆட்களும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். உதிரிப் பாகங்களை ஆராய ரஷியா அனுப்பியவர்களில் கொரலியோவும் ஒருவர். நேற்றுக் கைதி, இன்று ராணுவ அதிகாரி!

அவர் ஜெர்மன் ராக்கெட்டோடு நிற்கவில்லை. அதைவிடப் பெரிது, அதைவிடப் பெரிது என்று செய்துகொண்டே போனார். கடைசியில் ஆர்-7 என்ற ராட்சத ராக்கெட்டைச் செய்தார். எரிபொருளுடன் அதன் எடை சுமார் 270 டன். அரசாங்கம் அதைக் கேட்டது அணுகுண்டைச் சுமந்துகொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போவதற்காக. கொரலியோவின் மனத்திலோ வேறு கணக்கு இருந்தது. குண்டைச் சுமக்கும் ராக்கெட் மனிதனையும் சுமக்கும் அல்லவா?

1957-ம் ஆண்டு மே மாதம் ஆர்-7 முதல்முறையாகக் கிளம்பியது. சிறிது நேரத்தில் தீப்பிடித்து விழுந்தது. ஜூன் மாதம் அடுத்த ராக்கெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது மேடையை விட்டு எழும்பவே இல்லை. ஜூலை மாதம் இன்னொன்று. 33 வினாடியில் அது சிதறியது.

மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். ஒருமுறை சிறைக்குப் போய் வந்தவருக்கு அந்தச் சுளிப்பின் பொருள் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் தளரவில்லை. ஒவ்வொரு தவறையும் தேடித் திருத்தினார். ஆகஸ்டு 21-ந் தேதி ராக்கெட் நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குப் பறந்தது. வெற்றி!

செயற்கைச் சந்திரன்

அடுத்த ஆறு வாரத்தில் உலகமே அண்ணாந்து பார்த்தது. 1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ஸ்புட்னிக் என்ற செயற்கைச் சந்திரன் மேலே போயிற்று. எடை 83.6 கிலோ. குறுக்களவு 58 சென்டிமீட்டர். பெரிய பந்து ஒன்றுக்கு நான்கு மீசை முளைத்ததுபோல் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. அது போட்ட பீப், பீப் என்ற சத்தத்தை வீட்டு ரேடியோக்களில்கூடச் சிலர் கேட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் லைகா என்ற நாய் போயிற்று. 1959-ம் ஆண்டு அவருடைய ராக்கெட் அனுப்பிய கருவி ஒன்று சந்திரனில் போய் மோதியது. இன்னொரு கருவி, மனிதன் பார்த்தே இராத சந்திரனின் மறுபக்கத்தைப் படம் பிடித்தது. 1961-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி யூரி காகரின் 108 நிமிடத்தில் விண்வெளி போய்த் திரும்பினார். 1963-ம் ஆண்டு வாலன்டினா தெரெஷ்கோவா போனார். விண்வெளி கண்ட முதல் பெண்மணி அவர்.

காகரினை மாஸ்கோ ராஜா போல் வரவேற்றது. அந்த விழாவில் கொரலியோவின் பெயரை யாரும் சொல்லவில்லை. எதிரிகள் அவரைக் கொன்றுவிடக்கூடும் என்று அரசாங்கம் பயந்தது. பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகள்கூட வேறு பெயரில்தான் வெளிவந்தன. மாலையும் கைதட்டலும் மற்றவர்களுக்கு. வேலையும் கவலையும் அவருக்கு!

1965: போட்டி உச்சம்

1965-ம் ஆண்டு பிறந்தது. விண்வெளியில் முதலில் நடக்கப்போவது யார் என்று ரஷியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போட்டி.

கொரலியோவ் அவசரமாகக் கப்பலைத் தயார் செய்தார். பிப்ரவரியில் ஆள் இல்லாமல் ஒரு கப்பலைச் சோதனைக்கு அனுப்பினார். தவறான சைகையால் அது விண்வெளியிலேயே வெடித்துவிட்டது. அவர் அதை வீரர்களிடம் மறைக்கவில்லை. புதிய சோதனைக் கப்பல் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது இப்போதே போகலாம் என்று சொல்லி முடிவை அவர்களிடம் விட்டார். போகிறோம் என்றார்கள் வீரர்கள் இருவரும்.

மார்ச் 18-ந் தேதி பெல்யாயெவ் கப்பலுக்குள் இருக்க, லியோனவ் வெளியே போனார். திரும்பும்போதுதான் அபாயம் தெரிந்தது. வெளியே காற்று இல்லாததால் அவருடைய உடை பலூன் போல் உப்பிவிட்டது. கை விரல் கையுறையில் எட்டவில்லை. வாசலோ குறுகியது. என்ன செய்வது? உடைக்குள் இருந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். அளவு மீறினால் மரணம். உடை சற்றுச் சுருங்கியது. காலை முதலில் நுழைப்பதற்குப் பதில் தலையை நுழைத்து எப்படியோ உள்ளே புகுந்தார்.

சோதனை அதோடு முடியவில்லை. தானாக இறங்கும் கருவி வேலை செய்யவில்லை. பெல்யாயெவ் கையாலேயே கப்பலை இறக்கினார். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, பனி மூடிய அடர்ந்த காட்டில் போய் விழுந்தார்கள். இரண்டு இரவுகள் கடுங்குளிரில் கழிந்தன. மீட்க வந்தவர்களோடு பனிச்சறுக்குக் கட்டையில் நடந்துபோய் ஹெலிகாப்டரில் ஏறினார்கள். பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தந்தைபோல் கொரலியோவ் காத்திருந்தார்.

அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. ஜூன் 3-ந் தேதி எட்வர்டு ஒயிட் விண்வெளியில் 20 நிமிடத்துக்கு மேல் நடந்தார். ஜூலையில் ஓர் அமெரிக்கக் கருவி செவ்வாய்க் கிரகத்தை அருகில் இருந்து படம் எடுத்தது. நவம்பரில் பிரான்சு தன் சொந்த ராக்கெட்டில் செயற்கைச் சந்திரனை அனுப்பியது. டிசம்பரில் இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் விண்வெளியில் ஓர் அடி தூரம் வரை நெருங்கிப் பறந்தன.

கொரலியோவோ சந்திரனில் ஒரு கருவியை நொறுங்காமல் இறக்க முயன்றுகொண்டிருந்தார். அந்த ஆண்டில் மட்டும் நான்கு கருவிகள் சந்திரனை நோக்கிப் போயின. ஒன்று வழி தவறியது. மற்ற மூன்றும் மோதி நொறுங்கின.

கடைசி ஆபரேஷன்

ஓயாத உழைப்பு உடம்பைத் தின்றுவிட்டது. இருதயம் பலவீனம். வயிற்றிலும் கோளாறு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது.

சாவதற்குச் சில நாட்களுக்கு முன் காகரினையும் லியோனவையும் தம் வீட்டில் உட்கார வைத்து, சிறையில் பட்ட பாட்டையெல்லாம் அவர் சொன்னாராம். அதுவரை அதைப்பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. வீரர்கள் இருவரும் திகைத்துப் போனார்கள். லியோனவ் பிற்காலத்தில் இதை எழுதியிருக்கிறார்.

1966-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. குடலில் உள்ள ஒரு சிறு கட்டியை எடுக்கவேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். ஆபரேஷன் செய்தவர் நாட்டின் சுகாதார மந்திரியான டாக்டர் பெத்ரோவ்ஸ்கி. வயிற்றைத் திறந்தால் உள்ளே பெரிய புற்றுக்கட்டி! ஆபரேஷன் நீண்டுகொண்டே போயிற்று. நோயாளிக்கு மூச்சுக் குழாய் செருகவேண்டும். வாய் சரியாகத் திறக்கவில்லை. 1938-ம் ஆண்டு உடைந்த தாடை!

கொரலியோவின் இருதயம் நின்றுவிட்டது. அவருக்கு வயது 59.

எந்த அரசாங்கத்துக்காக இரவும் பகலும் உழைத்தாரோ, அந்த அரசாங்கத்தின் ஆட்கள் என்றோ போட்ட அடி கடைசி நேரத்தில் குறுக்கே வந்து நின்றது.

பெயர் வெளிவந்தது

இரண்டு நாள் கழித்து ரஷியப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. பெயர் வந்தது. செய்த சாதனைகளின் பட்டியல் வந்தது. தலைமை வடிவமைப்பாளர் யார் என்று உலகம் அன்றுதான் தெரிந்துகொண்டது. மாஸ்கோவில் அவருடைய சாம்பலைக் கிரெம்ளின் மதிலில் வைத்தார்கள். மனுமேல் மனு எழுதி மகனைச் சாவில் இருந்து மீட்ட தாய் மரியா அப்போது உயிரோடு இருந்தார். மகனுக்குப் பிறகும் 14 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்னும் மூன்று வாரம் அவர் உயிரோடு இருந்திருக்கக்கூடாதா? பிப்ரவரி 3-ந் தேதி லூனா-9 என்ற ரஷியக் கருவி சந்திரனில் நொறுங்காமல் இறங்கியது. அங்கிருந்து படங்களை அனுப்பியது. உலகில் அதுவே முதல்முறை. அதைப் பார்க்க அவர் இல்லை.

சந்திரனுக்கு மனிதனை அனுப்ப அவர் திட்டமிட்ட ராட்சத ராக்கெட் பின்னால் நான்கு முறை கிளம்பியது. நான்கு முறையும் தோற்றது. 1969-ம் ஆண்டு அமெரிக்கர்கள் சந்திரனில் கால் வைத்தார்கள்.

ஆனால் ஆர்-7 தோற்கவில்லை. அந்த ராக்கெட்டின் வாரிசுகள் இன்றும் பறக்கின்றன. 1984-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி நம் நாட்டின் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனார் அல்லவா? விண்வெளி கண்ட முதல் இந்தியரான அவரைத் தூக்கிச் சென்றதும் அந்தக் குடும்பத்து ராக்கெட்தான். அவர் உட்கார்ந்திருந்த சோயுஸ் கப்பலும் கொரலியோவின் பட்டறையில் கருவானதுதான்.

மாஸ்கோவுக்கு அருகே அவர் வேலை செய்த நகரத்துக்கு 1996-ம் ஆண்டில் கொரலியோவ் என்றே பெயர் சூட்டினார்கள். தம் பெயரை வெளியே சொல்லமுடியாமல் வாழ்ந்தவரின் பெயரை இன்று ஒரு நகரமே சொல்கிறது!